குழாய்கள் சும்மா இருப்பதில்லை

இதயம் ஒரு துடிப்புக்கு அரை அவுன்ஸ் ரத்தத்தை வெளியே தள்ளுவதாக வைத்துக்கொள்வோம் என்றார் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி. அரை மணி நேரத்தில் அது ஆயிரம் தடவையாவது துடிக்கும். பெருக்கிப் பார்த்தால் 500 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 14 லிட்டர். ஆனால் வளர்ந்த ஓர் ஆளின் உடம்பில் மொத்தமே 5 லிட்டர் ரத்தம்தான் இருக்கிறது. ஓர் ஆட்டை அறுத்தால் எவ்வளவு ரத்தம் வடியும் என்பது கசாப்புக்காரருக்குத் தெரியும். ஹார்வியும் அந்த ஆட்டைத்தான் சாட்சிக்கு இழுத்தார். அரை மணி நேரத்தில் இவ்வளவு ரத்தத்தை எந்தச் சாப்பாடு உண்டாக்கிவிடும்? உண்டாகும் ரத்தமெல்லாம் எங்கே போய்த் தீரும்?

இரண்டு எண்களையும் அவர் வேண்டுமென்றே குறைத்துப் போட்டிருந்தார். இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளுவது சுமார் 70 மில்லிலிட்டர், நிமிடத்துக்கு 70 துடிப்பு என்பது இன்று நமக்குத் தெரியும். அந்தக் கணக்கில் அரை மணி நேரத்துக்கு ஏறக்குறைய 150 லிட்டர் வருகிறது. எதிராளிக்குச் சாதகமாகக் கணக்குப் போட்டும் எதிராளி தோற்றுப்போனார்.

அந்த எதிராளி சாமானியரல்ல. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன். சாப்பிட்ட உணவைக் கல்லீரல் ரத்தமாக்குகிறது, சிரைகள் அதை உறுப்புகளுக்குக் கொண்டுபோகின்றன, உறுப்புகள் அதை உறிஞ்சித் தீர்த்துவிடுகின்றன என்பது அவருடைய கொள்கை. கொஞ்சம் ரத்தம் மட்டும் இதயத்தின் நடுச்சுவரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் கசிகிறது என்றும் சொன்னார். அந்தத் துளைகளை யாரும் பார்த்ததில்லை. ஆயினும் ஐரோப்பா 1,400 ஆண்டுகள் அவற்றை நம்பியது. 1242ஆம் ஆண்டிலேயே கெய்ரோவில் இப்னு அல்-நஃபீஸ் என்ற மருத்துவர், அந்தச் சுவரில் துளையே கிடையாது, வலப்பக்க ரத்தம் நுரையீரலைச் சுற்றிக்கொண்டுதான் இடப்பக்கம் வருகிறது என்று எழுதிவைத்திருந்தார். 1924இல் பெர்லின் நூலகத்தில் ஒரு கையெழுத்துப் பிரதி அகப்படும்வரை உலகம் அதை மறந்திருந்தது. ரத்த ஓட்டத்தின் கதையை ஹார்வியிடமிருந்து மட்டும் தொடங்குவது ஒரு வசதி, அவ்வளவுதான்.

ஹார்வி படித்தது இத்தாலியின் பதுவா நகரில். அவருடைய ஆசிரியர் ஃபாப்ரிசியஸ், சிரைகளுக்குள் சின்னச் சின்ன வால்வுகள் இருப்பதை 1603இல் படம் போட்டு வெளியிட்டார். ரத்தம் மொத்தமாகக் காலுக்கு இறங்கித் தேங்கிவிடாமல் அவை தடுக்கின்றன என்பது அவர் எண்ணம். மாணவர் அதே வால்வை வேறு விதமாகப் படித்தார். அவர் செய்த சோதனையை நீங்களும் செய்து பார்க்கலாம். மேல்கையில் ஒரு துணியை ஓரளவு இறுக்கிக் கட்டுங்கள். முன்கைச் சிரைகள் புடைத்து, இடையிடையே முடிச்சுபோலத் தெரியும். அவைதான் வால்வுகள். ஒரு முடிச்சுக்குக் கீழே சிரையை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, மற்றொரு விரலால் ரத்தத்தை மேல்நோக்கி, அந்த முடிச்சைத் தாண்டி வழித்துவிடுங்கள். முடிச்சுக்குக் கீழ்ப்பகுதி காலியாகவே கிடக்கும். மேலேயிருந்து ரத்தம் திரும்பாது. அழுத்திய விரலை எடுத்தால் கீழேயிருந்து உடனே நிரம்பும். சிரையில் போக்குவரத்து ஒரே திசையில்தான், இதயத்தை நோக்கித்தான். கேலனின் 1,400 ஆண்டுகளைக் கவிழ்க்க இரண்டு விரலும் ஒரு துணியும் போதுமாக இருந்தன.

1628இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் அச்சான 72 பக்கப் புத்தகத்தில் ஹார்வி இதையெல்லாம் எழுதினார். விலங்குகளில் இதயமும் ரத்தமும் இயங்கும் விதம் பற்றியது என்று தலைப்பு சொல்லும். அதில் இதயம் இருக்கிறது, ரத்தம் இருக்கிறது, குழாய் இல்லை. தமனியிலிருந்து சிரைக்கு ரத்தம் எப்படித் தாண்டுகிறது என்பதை அவரால் காட்ட முடியவில்லை. தாண்டியே ஆக வேண்டும் என்று நிறுவியதோடு சரி. அவர் 1657இல் இறந்தார். நான்கே ஆண்டுகள் கழித்து, பொலோனாவில் மார்செல்லோ மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது அந்தப் பாலங்கள் தெரிந்தன. அவையே தந்துகிகள்.

அந்தத் தலைப்பில் விடுபட்ட குழாய் நம் நினைப்பிலும் விடுபட்டே இருக்கிறது. இதயத்தைப் பற்றி ஊரே பேசும். ரத்தக் குழாய் என்றால் வீட்டுக் குடிநீர்க் குழாய்போல ஏதோ ஒன்று, அடைத்தால் மட்டும் கவனிக்க வேண்டியது என்று நினைக்கிறோம். இந்த அத்தியாயத்தில் அந்த எண்ணத்தோடுதான் எனக்குச் சண்டை. ஆனாலும் வரிசைப்படி இதயத்தை முதலில் பார்த்துவிடுவோம்.

அவரவர் கைமுஷ்டி அளவு, 250 முதல் 350 கிராம் எடை, மார்பெலும்புக்குப் பின்னால் சற்றே இடப்பக்கம் சாய்ந்து கிடக்கும் தசை. உண்மையில் இது ஒட்டிப் பிறந்த இரண்டு பம்புகள். உடம்பெல்லாம் சுற்றிவந்த ரத்தம் வலது மேலறைக்கு வந்து, வலது கீழறைக்கு இறங்கி, நுரையீரலுக்குப் போகிறது. அங்கே ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு இடது மேலறைக்குத் திரும்பி, இடது கீழறை வழியே பெருந்தமனிக்குள் பாய்கிறது. இரண்டு கீழறைகளும் ஒரே அளவு ரத்தத்தைத்தான் தள்ளுகின்றன. ஆனால் பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்கு அனுப்ப வலது கீழறைக்கு 25 மி.மீ. பாதரச அழுத்தம் போதும். தலை உச்சியிலிருந்து கால் விரல்வரை அனுப்ப வேண்டிய இடது கீழறைக்கோ 120 தேவை. அதனால் இடப்பக்கச் சுவர் வலப்பக்கத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு தடிமன். பழைய பாடப்புத்தகங்கள் வலப்பக்கத்தில் அசுத்த ரத்தம் ஓடுவதாகச் சொல்லித்தந்தன. அதில் அழுக்கு எதுவுமில்லை. ஓய்வாக இருக்கும்போது அந்த ரத்தத்தில் முக்கால் பங்கு ஆக்சிஜன் அப்படியே மிச்சமிருக்கும்.

நான்கு வால்வுகளையும் எந்த நரம்பும் திறந்து மூடுவதில்லை. முன்னே அழுத்தம் குறைந்தால் திறக்கும், கூடினால் மூடும். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் ‘லப்’பும் ‘டப்’பும் இவை மூடும் ஓசை. குழந்தைப் பருவத்தில் தொண்டையில் வரும் ஒருவகை பாக்டீரியத் தொற்று, சரியாகக் கவனிக்காவிட்டால் முடக்குக் காய்ச்சலாகி இந்த வால்வுகளைச் சிதைத்துவிடும். பணக்கார நாடுகளில் அநேகமாக மறைந்துவிட்ட இந்தக் காரணத்தால் நம் நாட்டில் இன்னும் இளம்பெண்கள் வால்வு அறுவைக்குப் படுக்கிறார்கள். பள்ளிப் பிள்ளையின் தொண்டை வலியை அலட்சியப்படுத்தக் கூடாது என்பது இதனால்தான்.

துடிக்கச் சொல்லும் கட்டளை மூளையிலிருந்து வருவதில்லை. இதயத்திலேயே பிறக்கிறது. 1906ஆம் ஆண்டின் கோடையில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், உடற்கூற்றியலாளர் ஆர்தர் கீத்தின் வீட்டில் தங்கியிருந்த மார்ட்டின் ஃபிளாக் என்ற மருத்துவ மாணவர், அகழெலியின் இதயத்தை நுண்ணோக்கியில் துழாவிக்கொண்டிருந்தார். வலது மேலறையின் மூலையில் இதுவரை யாரும் கவனித்திராத விசித்திரமான திசுக்கட்டி ஒன்று கண்ணில் பட்டது. அதுதான் துடிப்பைத் தொடங்கிவைக்கும் முடிச்சு. இருவரும் 1907இல் அதை வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டே, ஜெர்மனியில் பணியாற்றிய ஜப்பானியர் சுனாவ் தவாரா இரண்டாவது முடிச்சை விவரித்திருந்தார். மேலறையிலிருந்து வரும் மின் அலையை அது நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் நிறுத்திவைத்துத்தான் கீழே விடும். மேலறை காலியாகும் முன்பே கீழறை சுருங்கிவிடாதிருக்க அந்தத் தாமதம் அவசியம்.

ஓயாமல் உழைப்பது இதயம் என்று மேடையில் பேசுவோர் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 0.8 நொடி. அதில் கீழறை சுருங்குவது சுமார் 0.3 நொடி, தளர்ந்திருப்பது 0.5 நொடி. வேலையைவிட ஓய்வே அதிகம். இந்த ஓய்வில்தான் இதயம் சாப்பிடவும் செய்கிறது. தன் அறைகளுக்குள் நாள்தோறும் 7,000 லிட்டர் ரத்தம் ஓடினாலும் அதன் தடித்த தசை அதிலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. பெருந்தமனியின் அடியிலிருந்து கிளைக்கும் இரண்டு கரோனரி தமனிகள்தான் அதற்கு உணவு. இடது கீழறை சுருங்கும்போது தன் தசைக்குள் ஓடும் இந்தக் குழாய்களைத் தானே நசுக்கிக்கொள்கிறது. தளரும்போதுதான் அவற்றில் ரத்தம் தாராளமாகப் பாயும். துடிப்பு வேகமாகும்போது முதலில் சுருங்குவது இந்த ஓய்வு நேரம். வேலை கூடும் அதே சமயம் சாப்பாட்டு நேரம் குறைகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. மற்ற உறுப்புகள் வரும் ஆக்சிஜனில் கால் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைக் கையிருப்பாக விடுகின்றன. இதயத் தசை ஓய்விலேயே 70 சதவீதத்துக்கு மேல் எடுத்துவிடுகிறது. கூடுதலாக வேண்டுமென்றால் ரத்தமே கூடுதலாக வர வேண்டும், வேறு வழி கிடையாது. மாடிப்படி ஏறும்போது மார்பு இறுகுவதாக ஒருவர் சொன்னால், அந்தக் கூடுதல் ரத்தத்துக்குக் குழாய் இடம் கொடுக்கவில்லை என்று பொருள்.

இனி குழாய்கள். பெருந்தமனி ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் அகலம். அதன் சுவரில் மீள்தன்மையுள்ள நார்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. இதயம் ரத்தத்தைத் தள்ளும்போது அந்தச் சுவர் விரிந்து கொஞ்சம் ரத்தத்தைத் தேக்கிக்கொள்கிறது. இதயம் ஓய்வெடுக்கும்போது தானே சுருங்கி அதை முன்னே அனுப்புகிறது. விட்டுவிட்டு வரும் ரத்தம் இடைவிடாத ஓட்டமாவது இதனால்தான். ரத்த அழுத்தத்தில் 120 என்பது இதயத்தின் உந்தல் என்றால், 80க்குக் கீழே இறங்காமல் பிடித்துவைப்பதில் இந்தச் சுவருக்குப் பெரும் பங்கு உண்டு. வயதாக ஆக அந்த நார்கள் விறைக்கின்றன. முதியவர்களுக்கு மேல் எண் 160, 170 என்று ஏறியும் கீழ் எண் ஏறாமலிருப்பது அந்த விறைப்பின் அடையாளம். வயசுக்கு இது சகஜம் என்று விட்டுவிடுவது தவறு. மூளையிலுள்ள மெல்லிய குழாய்களுக்கு அந்த 170 சகஜமல்ல.

மணிக்கட்டில் நாடி பிடிக்கும் வைத்தியரின் மூன்று விரல்களிலும் தட்டுவது இந்தச் சுவரின் அசைவுதான். இதயத்திலிருந்து அப்போது கிளம்பிய ரத்தம் அங்கே வந்துசேர்ந்திருக்காது. அழுத்த அலை சுவர் வழியே நொடிக்குப் பல மீட்டர் வேகத்தில் ஓடிவந்துவிடும். ரத்தம் பின்னால் மெதுவாக வரும். அந்த அழுத்தத்தை முதலில் அளந்தவர் ஸ்டீஃபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். ஒரு பெண்குதிரையைக் கட்டிப்போட்டு, தொடைத் தமனியில் பித்தளைக் குழல் செருகி, அதில் நீளமான கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். ரத்தம் 8 அடி 3 அங்குலம் ஏறி நின்றது என்று 1733இல் எழுதினார். யாரையும் அறுக்காமல் அளக்க 1896இல் இத்தாலியர் ரிவா-ரோச்சியின் காற்றுப்பட்டை வர வேண்டியிருந்தது. 1905இல் ரஷ்ய டாக்டர் கொரோட்கோவ் அந்தப் பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்கச் சொன்னார்.

தமனிகள் கிளைத்துக் கிளைத்து மெலிந்து, தந்துகிகளுக்குச் சற்று முன்னால் நுண்தமனிகள் ஆகின்றன. என்னைக் கேட்டால் ரத்த ஓட்டத்தின் அதிகாரம் இங்கேதான் இருக்கிறது. இதயம் எல்லாருக்கும் பொதுவாகத் தள்ளிவிடுகிறது. யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிப்பது இந்தக் குழாய்களின் தசைச்சுவர். ஏரியில் தண்ணீர் எவ்வளவு இருந்தாலும் எந்த வயலுக்குப் பாயும் என்பது மடையைத் திறக்கிறவர் கையில் இருப்பதுபோல. அந்த மடையின் கணக்கு வியப்பானது. பிரெஞ்சு மருத்துவர் புவாசேய் 1840களில் காட்டியபடி, ஓட்டம் குழாயின் ஆரத்தின் நான்காம் மடியைப் பொறுத்தது. ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாவதில்லை, பதினாறில் ஒரு பங்காகிவிடும். அதனால் சுவர் ஒரு மயிரிழை சுருங்கினாலே பெரிய மாற்றம் வரும். ஓய்வில் உடலின் தசைகளுக்கெல்லாம் சேர்த்துக் கிடைப்பது மொத்த ஓட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு. மூச்சிரைக்க ஓடும்போது ஐந்தில் நான்கு பங்கு அங்கே திருப்பிவிடப்படும், குடலும் சிறுநீரகமும் விட்டுக்கொடுக்கும். மூளை மட்டும் தன் பங்கை யாருக்கும் தருவதில்லை. சாப்பிட்டதும் மூளையின் ரத்தம் வயிற்றுக்குப் போய்விடுவதால் தூக்கம் வருகிறது என்பார்கள். தூக்கம் வருவது உண்மை, காரணம் அதுவல்ல.

மடையைத் திறக்கச் சொல்வது யார்? நியூயார்க்கின் புரூக்ளினில் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் பெருந்தமனித் துண்டுகளை மருந்தில் நனைத்துச் சோதித்துவந்தார். அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் பட்டால் அவை எப்போதும் சுருங்கும். 1978இல் ஒருநாள் அவை தளர்ந்தன. துருவிப் பார்த்ததில், வழக்கமாகத் துண்டு போடும்போது குழாயின் உட்புறத்தைத் தெரியாமல் உரசிவிடுவதும், அன்று உரசாமல் விட்டதும் தெரியவந்தது. ஒரே ஒரு செல் தடிமனுள்ள உட்படலம் அது. வெறும் வழவழப்புக்காக இருப்பதாக எல்லாரும் நினைத்திருந்த அந்தப் படலம்தான் தசைக்குத் ‘தளர்ந்துகொள்’ என்று சொல்லும் ஏதோ ஒன்றைச் சுரக்கிறது. அந்த ஏதோ ஒன்று நைட்ரிக் ஆக்சைடு, சாதாரண வாயு மூலக்கூறு. இந்தக் கண்டுபிடிப்புக்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்சுவலிக்காரர்கள் நாக்கின் அடியில் வைத்துக்கொள்ளும் நைட்ரோகிளிசரின் மாத்திரையும் உடம்புக்குள் இந்த வாயுவாகத்தான் வேலை செய்கிறது. டைனமைட்டில் நைட்ரோகிளிசரினை அடைத்துப் பணக்காரரான ஆல்ஃபிரெட் நோபலுக்கே, 1896இல் இதய நோய்க்கு டாக்டர்கள் அதையே மருந்தாக எழுதித்தந்தார்கள். விதியின் கேலி என்று அவர் ஒரு கடிதத்தில் குறிப்பிட்டார்.

தந்துகிகளைப் பற்றி ஒரு பழைய கணக்கைத் திருத்த வேண்டும். உடம்பின் ரத்தக் குழாய்களை ஒட்டவைத்தால் 1 லட்சம் கிலோமீட்டர் வரும் என்று பல புத்தகங்களில் படித்திருப்பீர்கள். டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோக், தந்துகி ஆராய்ச்சிக்காக 1920இல் நோபல் பெற்றவர், தோராயமாகப் போட்ட கணக்கு அது. 50 கிலோ தசையுள்ள மனிதரை வைத்துக்கொண்டு போட்டது. நம்மில் பெரும்பாலோருக்கு அதில் பாதித் தசைகூடத் தேறாது. அண்மையில் திருத்திய மதிப்பீடு 9,000 முதல் 19,000 கிலோமீட்டர்வரை சொல்கிறது. அதுவே கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகருக்கு ஒருமுறையாவது போய்வரும் தூரம். அந்தத் தந்துகிகளுக்குள் ரத்தம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக ஊர்கிறது. சிவப்பணுக்கள் உடம்பை மடித்துக்கொண்டு ஒற்றை வரிசையில் நுழைகின்றன. இந்த மெதுவான நடைக்காகத்தான் மற்ற ஏற்பாடெல்லாம். கொடுக்கல் வாங்கல் நடப்பது இங்கு மட்டுமே.

திரும்பும் வழியான சிரைகளில் எந்நேரமும் உடம்பின் ரத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கிறது. சுவர் மெலிது, அழுத்தம் குறைவு. அசையாமல் நிற்பவரின் பாதத்துச் சிரையில் அழுத்தம் 90 மி.மீ.வரை ஏறும். நடக்கத் தொடங்கினால் கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடிக்கும் சிரையைப் பிழிந்து மேலே தள்ள, அது 30க்கும் கீழே இறங்கிவிடும். ஹார்வி விரலால் காட்டிய வால்வுகள் திரும்பி வழியாமல் பிடித்துக்கொள்ளும். நாளெல்லாம் நின்றால் சிரை விரிந்து, வால்வின் இதழ்கள் ஒன்றையொன்று தொடாமல் போய், வெரிகோஸ் வெயின் வரும். ஜவுளிக்கடையில் காலையிலிருந்து இரவுவரை நின்றே சேலை விரித்துக்காட்டும் பெண்களின் கால்களில் இதைப் பார்க்கலாம். கேரளத்தைப் பின்பற்றித் தமிழ்நாடு அரசு 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. உடலியங்கியல் பாடம் ஒன்று சட்டப் பிரிவாக மாறியது அபூர்வம். நாற்காலியில் உட்காரவும் விட வேண்டும் என்பது கடை முதலாளிகளுக்கு.

சிரையின் வழியாக இதயத்துக்குள் கையை விடலாம் என்று காட்டியவர் வெர்னர் ஃபோர்ஸ்மன். 1929இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே ஊரில் பயிற்சி டாக்டராக இருந்தபோது, தன் கைச்சிரையில் 65 சென்டிமீட்டர் குழலைச் செருகிக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய், அதன் நுனி இதயத்துக்குள் இருப்பதைப் படமெடுத்தார். மேலதிகாரிகள் கொதித்தார்கள். 1956இல் நோபல் வந்தது. இன்று மணிக்கட்டுத் தமனி வழியே செய்யும் ஆஞ்சியோகிராமும், 1977இல் சூரிச்சில் ஆந்த்ரேயாஸ் குருன்சிக் தொடங்கிய பலூன் சிகிச்சையும் அந்தத் துணிச்சலின் வாரிசுகள்.

இப்போது மாரடைப்புக்கு வருவோம். கரோனரி தமனியின் உட்படலத்தைப் புகையும் சர்க்கரையும் உயர் அழுத்தமும் பழுதாக்குகின்றன. கெட்ட கொலஸ்ட்ரால் படலத்துக்குள் புகுந்து தங்குகிறது. அதை அப்புறப்படுத்த வரும் வெள்ளணுக்கள் தின்று வீங்கி அங்கேயே மடிகின்றன. படிவு வளர்வது குழாயின் உள்வெளியில் அல்ல, சுவருக்குள். கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கச் சிப்பாய்களின் இதயங்களை ஆராய்ந்து 1953இல் வெளியிட்டபோது, 77 சதவீதம் பேரின் தமனிகளில் இந்த மாற்றங்கள் இருந்தன. அவர்களின் சராசரி வயது 22.

ஒருநாள் படிவின் மூடி கிழிகிறது. உடம்பு அதைக் காயம் என்று எண்ணி ரத்தத்தை உறையவைக்கிறது. நிமிடங்களில் குழாய் அடைபடுகிறது. கிழிவது பெரிய படிவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பாதி வழியைக்கூட மறைக்காத படிவும் கிழியும். நேற்றுவரை நன்றாக நடமாடினாரே என்று ஊர் அதிசயப்படுவது இதனால்தான். அவருடைய இதயம் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. மாரடைப்பு இதயத்தில் முடியும் நோய், தொடங்குவது குழாய்ச் சுவரில்.

ரத்தமில்லாத தசை அரை மணி நேரத்திலிருந்தே சாகத் தொடங்கும். அந்த நேரத்தைத்தான் நாம் வாயுப் பிடிப்பு என்று சொல்லிச் சோடா குடித்தும் ஓமத்திரவம் தேடியும் செலவழிக்கிறோம். நடுமார்பில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை வந்தால் 108ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் அசதியும் மட்டும் வரலாம், அவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் 2023 முதல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தின் கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ரத்தம் உறைவதைத் தடுக்கும் முதல் தவணை மாத்திரைகள் இருக்கின்றன. முப்பது வயதைத் தாண்டியவர் என்றால், உடம்பில் ஒரு குறையும் தெரியாவிட்டாலும், ஆண்டுக்கொருமுறை ரத்த அழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள்.